ஜவுளிக்கடையின் சுற்றுச்சூழல் சுமையைக் குறைப்பது எப்படி? கொள்முதல் நோட்டிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

ஜவுளிக்கடைக்காரர் சுற்றுச்சூழலைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் முதலில் பையை மாற்றுவார், அடுத்து பல்பை மாற்றுவார். இரண்டும் செய்ய வேண்டியவைதான். ஆனால் ஒரு பருத்திச் சட்டை உங்கள் ரேக்கில் வந்து உட்காரும்போதே அதன் சுமையில் பெரும்பங்கு நடந்து முடிந்திருக்கும். வயலில் தண்ணீரும் பூச்சிமருந்தும், நூற்பாலையில் மின்சாரமும், சாயப்பட்டறையில் வெந்நீரும் உப்பும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. அந்தச் சட்டை மூன்று வருடம் விற்காமல் கிடந்து கடைசியில் எடைக்குப் போனால் அத்தனையும் வீண். ஆகவே கடைக்காரர் கையில் இருக்கும் மிகப் பெரிய கருவி கொள்முதல் நோட்டுதான். எவ்வளவு வாங்குகிறோம், எதை வாங்குகிறோம், யாரிடம் வாங்குகிறோம் என்பதை முதலில் சரிசெய்துவிட்டு, பைக்கும் பல்புக்கும் பிறகு வருவோம்.

மாவட்டத் தலைநகரிலோ தாலுகா ஊரிலோ 2,000 முதல் 3,000 சதுர அடியில் ரெடிமேடும் சேலையும் சேர்த்து விற்கும் கடையை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. புதிதாகக் கடை தொடங்குபவர்களும், அப்பா காலத்துக் கடையை இப்போது கையில் எடுத்திருப்பவர்களும் அப்படியே பின்பற்றலாம்.

முதல் வேலை: இருப்பை வயது வாரியாக எண்ணுவது

ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம் இதற்குச் சரியான நேரம். வருடத்தில் இருப்பு மிகக் குறைவாக இருப்பது அப்போதுதான். தீபாவளிக் கொள்முதல் இன்னும் முழு வேகத்தில் தொடங்கியிருக்காது. ரேக், குடோன், பரண் மூன்றிலும் உள்ள சரக்கை நான்கு குவியலாகப் பிரியுங்கள்: மூன்று மாதத்துக்குள் வந்தது, மூன்று முதல் ஆறு மாதம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், ஒரு வருடத்துக்கு மேல். பில்லிங் சாப்ட்வேரில் கொள்முதல் தேதி இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் இனிமேல் ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கரில் மாதத்துக்கு ஓர் எழுத்தும் வருடத்துக்கு இரண்டு இலக்கமும் அச்சடித்துவிடுங்கள். அடுத்த முறை ஸ்டிக்கரைப் பார்த்தே வயது தெரியும்.

கடைசிக் குவியல்தான் பாடப்புத்தகம். அதில் உள்ள ஒவ்வொரு வகைக்கும் எதிரே ஏன் நின்றது என்று ஒரு சொல் எழுதுங்கள்: சைஸ், நிறம், துணிக்குறை, அளவுக்கு மிஞ்சிய கொள்முதல், சீசன் தவறியது. பெரும்பாலான கடைகளில் டிசைன் பிடிக்காமல் நின்றதைவிட சைஸ் பொருந்தாமல் நின்றதுதான் அதிகம் இருக்கும். காரணம் எளியது. உற்பத்தியாளர் எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கை வைத்து செட்டாகத் தருவார். உங்கள் ஊரில் எல்லும் எக்ஸ்எல்லும் இரண்டு மடங்கு ஓடும் என்றால், அவை தீர்ந்த பிறகு மிச்சமிருக்கும் எம்மும் டபுள் எக்ஸ்எல்லும் தேங்கும். கேட்கும் சைஸ் இல்லை என்பதற்காக இன்னொரு செட் வாங்குவீர்கள், தேக்கம் இரட்டிப்பாகும். கடந்த ஒரு வருட விற்பனையிலிருந்து சைஸ் விகிதத்தை எடுத்து, 1:2:2:1 என்பதுபோல் எழுதி, ஆர்டரில் அதன்படியே கேளுங்கள். செட்டை உடைத்துத் தர மறுக்கும் உற்பத்தியாளரும், பீஸுக்கு ஐந்து பத்து ரூபாய் கூடினால் தருவார். தேங்கப்போகும் சரக்கின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதல் மலிவு.

எவ்வளவு வாங்குவது

ஒரு டிசைனில் 120 பீஸ் வாங்க நினைத்தால் முதல் ஆர்டரில் 70 போதும். மீதி 50க்கான பணத்தைக் கையில் வையுங்கள். நான்கு வாரம் கழித்து விற்பனையைப் பாருங்கள்: 70இல் 40 போயிருந்தால் அதே டிசைனுக்கு ரிப்பீட் கொடுக்கலாம். 20தான் போயிருந்தால் நிறுத்திவிட்டு, மிச்சத்தை ரேக்கின் கண்மட்டத் தட்டுக்கு மாற்றி முதலில் விற்கப் பாருங்கள். விலைக்குறைப்பு அதற்குப் பிறகு. திருப்பூர், ஈரோடு போன்ற பக்கத்து உற்பத்தி ஊர்களில் வாங்குவதன் பெரிய பலன் இதுதான். துணி கையிருப்பில் இருந்தால் ரிப்பீட் சில வாரங்களில் வந்துவிடும். தொலைவிலிருந்து மொத்தமாக வாங்குபவருக்கு அந்த வசதி கிடையாது. ஆறு மாதத்துக்கு முன்பே ஊகித்து வாங்கி, தவறியதைச் சுமக்க வேண்டும்.

பில் கவுண்டரில் ஒரு நோட்டு வையுங்கள். வாடிக்கையாளர் கேட்டு, நாம் 'இல்லை' என்று சொன்ன ஒவ்வொன்றையும் அதில் விற்பனையாளர்கள் எழுத வேண்டும்: 'காட்டன் நைட்டி, டபுள் எக்ஸ்எல், அடர் நிறம்' என்பதுபோல. விற்றது மட்டும்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும், கேட்டது தெரியாது. இந்த நோட்டு இல்லாத கடைகள் அடுத்த சீசனுக்கு ஏஜென்ட் காட்டுவதை வாங்குகின்றன.

பள்ளிச் சீருடையில் தனிக் கவனம் வேண்டும். பள்ளியின் பெயரோ சின்னமோ பதித்த சட்டையை வேறு யாருக்கும் விற்க முடியாது. பள்ளி சீருடையை மாற்றிவிட்டால் மொத்த இருப்பும் குப்பை. சின்னம் இல்லாத சட்டையாக வாங்கி வைத்துக்கொண்டு, சேர்க்கை எண்ணிக்கை தெரிந்த பிறகு சட்டைப்பையில் எம்பிராய்டரி போடுங்கள். மிஞ்சினாலும் வெள்ளைச் சட்டையாக விற்றுவிடலாம்.

சாயம் எங்கே போட்டது?

வாங்குகிற துணியின் நீர்ச் சுமையில் சாயமேற்றும் கட்டத்தைத்தான் கடைக்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பருத்திக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம், அதாவது இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம். அது நூலில் ஏற உப்பு வேண்டும். இளநிறத்துக்கு ஒரு லிட்டர் சாயநீருக்கு 20 முதல் 30 கிராம் போதும். கறுப்பு, நேவி போன்ற அடர்நிறத்துக்கு 60 முதல் 80 கிராம் வரை போகும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் சாயநீர் என்று வைத்தால், அடர்நிறத் துணி ஒரு கிலோவுக்கு, அதாவது ஐந்தாறு டி-சர்ட்டுக்கு, ஏறத்தாழ அரைக் கிலோ அல்லது அதற்கு மேல் உப்பு. துணியில் ஒட்டாத சாயமும் இந்த உப்பும் கழிவுநீரோடு போகும். வண்ணத்தை வடிகட்டுவது ஒப்பீட்டளவில் எளிது. கரைந்த உப்பை எடுப்பதுதான் கடினம்.

நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்தது இதனால்தான். திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே உள்ள விவசாயிகளுக்கு அந்த நீர் பயன்படாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு கழிவுநீரை வெளியேற்றாத முறை கட்டாயமானது. இன்று திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்ஓ) முறையில் தண்ணீரை மீட்கின்றன. எஞ்சும் அடர்கரைசலைக் கொதிக்கவைத்து உப்பையும் திரும்ப எடுக்கின்றன. இதற்கு எரிபொருளும் மின்சாரமும் நிறையச் செலவாகும், கசடும் மிஞ்சும். ஆனாலும் ஆறு தப்பிக்கிறது. அந்தச் செலவு துணியின் விலையில் சேரும். சந்தை விலையைவிடக் கிலோவுக்கு வெகு குறைவாக அடர்நிறத் துணி வருகிறது என்றால், அந்தச் செலவைச் செய்யாத ஒரு பட்டறை பின்னால் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். காவிரிக் கரையில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் அனுமதி பெறாத சாயப்பட்டறைகள் இடிக்கப்பட்ட செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றின் துணியை யாரோ வாங்கியதால்தான் அவை நடந்தன.

சப்ளையரிடம் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். சாயம் போட்ட பட்டறையின் பெயர் என்ன? அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவு நடப்பில் இருக்கிறதா, நகல் கிடைக்குமா? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினரா, சொந்த நிலையமா? உங்களுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஏஜென்ட், தையல் யூனிட், துணி வியாபாரி என்று மூன்று பேர் இருப்பார்கள். முதல் முறை பதில் வராது. வாயால் கேட்பதோடு நிறுத்தாமல் ஆர்டர் படிவத்திலேயே 'பிராசசிங் யூனிட் பெயர்' என்று ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். மூன்றாவது ஆர்டரில் நிரப்பித் தருவார்கள். கடைசிவரை நிரப்பாதவரிடம் அடர்நிறச் சரக்கு வாங்குவதைக் குறையுங்கள்.

டிசைன் தேர்விலும் கொஞ்சம் இடம் இருக்கிறது. வெவ்வேறு நிறக் கட்டிங் வேஸ்டை, அதாவது வெட்டும்போது மிஞ்சும் துண்டுத் துணியை, நிறவாரியாகப் பிரித்து, திரும்ப நூலாக்கும் ஓப்பன்-எண்ட் மில்கள் (குட்டை இழையையும் நூற்கும் ஆலைகள்) கொங்குப் பகுதியில் ஏராளம். அந்த நூலுக்குப் பழைய துணியின் நிறமே இருப்பதால் மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. இழை குட்டையாகிவிடுவதால் மெல்லிய டி-சர்ட்டுக்கு இது தாங்காது. புதுப் பருத்தியோ பாலியெஸ்டரோ கலந்துதான் நூற்பார்கள். பெட்ஷீட், கால்மிதி, துண்டு, பை, கனமான ஹூடி ஆகியவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். கைத்தறியில் நெய்வதற்கு மின்சாரம் கிடையாது. 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவு வழியாகவோ சங்கங்களிடம் நேரடியாகவோ வாங்கலாம். ஆனால் கைத்தறிக்கும் நூல் சாயம் உண்டு. அங்கேயும் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

சான்றிதழ்களை எப்படிப் படிப்பது

ஓகோ-டெக்ஸ் 100 முத்திரை, அந்தத் துணியில் உடலுக்குத் தீங்கான வேதிப்பொருள்கள் வரம்புக்குள் இருக்கின்றன என்று மட்டும் சொல்கிறது. கழிவுநீர் எங்கே போனது என்று அது சொல்வதில்லை. காட்ஸ் (ஜிஓடிஎஸ்) எனும் இயற்கை வேளாண் துணிக்கான முத்திரை வயலிலிருந்து தையல் வரை பார்க்கிறது. வெறும் 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீதம் இயற்கை வேளாண் இழை வேண்டும். 'ஆர்கானிக் இழையால் செய்தது' என்று போட 70 சதவீதம் போதும். மறுசுழற்சிக்கான ஜிஆர்எஸ் முத்திரையைத் துணியில் போட்டு விற்க, குறைந்தது 50 சதவீதம் மறுசுழற்சி இழை இருக்க வேண்டும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தொழிற்சாலைக்குச் சான்று இருக்கிறது என்பதும், உங்களுக்கு வந்த லாட் (சரக்குத் தொகுதி) சான்றுள்ள துணியில் தைத்தது என்பதும் வேறு வேறு. முதலாவதைச் சுவரில் மாட்டிக் காட்டுவார்கள். லாட், எடை, வாங்குபவர், விற்பவர் எல்லாம் குறிப்பிட்ட பரிவர்த்தனைச் சான்றிதழ்தான் இரண்டாவதற்கு ஆதாரம். அதைக் கேளுங்கள். இன்னொன்று: முத்திரையுள்ள சட்டையின் லேபிளைப் பிரித்து உங்கள் கடைப் பெயரை வைத்துத் தைத்தால் சான்றுச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

'மூங்கில் துணி' என்று வருவதில் பெரும்பகுதி விஸ்கோஸ் ரேயான். மூங்கில் கூழை வேதிப்பொருளில் கரைத்து இழையாக்கியது. மென்மையான நல்ல துணிதான். இயற்கைத் துணி என்று சொல்லி விற்காதீர்கள்.

சரக்கு இறங்கியதும் சோதனை

பத்துச் சலவையில் நிறம் போகும் சட்டையை எவ்வளவு நல்ல பட்டறையில் சாயம் போட்டிருந்தாலும் அது வீண். சட்டை நீண்ட நாள் உழைப்பதே மிகப் பெரிய சேமிப்பு. ஆகவே ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பீஸை எடுத்து இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். லேபரட்டரி வேண்டாம். டேப், பக்கெட், வெள்ளைத் துணி, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு ஆகியவை போதும்.

துணி சுருங்குதல்: நீளம், மார்பு அகலம் இரண்டையும் அளந்து எழுதுங்கள். மூன்று முறை சாதாரணமாகத் துவைத்துக் கொடியில் காயவைத்து மறுபடி அளங்கள். 70 செ.மீ. நீளத்தில் 3.5 செ.மீ.க்கு மேல் குறைந்தால், அதாவது 5 சதவீதம் தாண்டினால், அந்த லாட்டைத் திருப்புங்கள். பின்னல் துணியை காம்பாக்டிங் செய்யாமல், அதாவது முன்கூட்டியே சுருங்கவைக்காமல், இழுத்துப் பரப்பி வெட்டியிருந்தால் இப்படித்தான் ஆகும்.

முறுக்கல்: துவைத்த அதே டி-சர்ட்டை மேசையில் விரியுங்கள். பக்கத் தையல் கீழே வரும்போது வயிற்றுப் பக்கம் திரும்பியிருக்கிறதா? இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தால் நூலின் முறுக்கு சரியில்லை. வாங்கியவர் இரண்டு முறை போட்டுவிட்டு அதை வீட்டுக்குள் போடும் சட்டையாக்கிவிடுவார்.

சாயம்: உலர்ந்த வெள்ளைத் துணியால் பத்து முறை அழுத்தித் தேயுங்கள், பிறகு ஈரத் துணியால் தேயுங்கள். கறுப்பிலும் நேவியிலும் ஈரத்தில் லேசாக ஒட்டுவது வழக்கம்தான். உலர் துணியிலேயே நிறம் ஏறினால், சாயம் போட்டபின் சோப்புக் கழுவல் போதவில்லை என்று பொருள், திருப்பிவிடுங்கள்.

எடை: முதலில் ஒப்புக்கொண்ட சாம்பிளையும் வந்த பீஸையும் ஒரே சைஸில் எடை போடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் துணியை மெலிதாக்கியிருக்கிறார்கள். துணித்துண்டு கிடைத்தால் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. வெட்டி எடையை நூறால் பெருக்குங்கள், அதுதான் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். அன்றாட டி-சர்ட்டுக்கு 160 முதல் 180 இருந்தால் நன்று.

தையல்: ஓர் அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் இருக்க வேண்டும். எட்டுக்குக் கீழே போனால் தோளும் அக்குளும் முதலில் விடும். 'நூறு சதவீதம் காட்டன்' என்று வந்ததில் சந்தேகம் இருந்தால் உள்தையல் ஓரத் துணியிலிருந்து (தையல் நூலிலிருந்து அல்ல) இரண்டு இழை உருவிப் பற்றவையுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

பேக்கிங்

ஒரு பார்மல் சட்டையைப் பிரித்து மேசையில் வையுங்கள். வெளியே பாலித்தீன் உறை, உள்ளே அட்டை, காலருக்குள் பிளாஸ்டிக் பட்டை, பட்டனுக்கு மேல் வண்ணத்துப்பூச்சி வடிவ பிளாஸ்டிக், கிளிப்புகள், குண்டூசிகள், டிஷ்யூ காகிதம். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனதும் இவை எல்லாம் குப்பை. டி-சர்ட், நைட்டி, குழந்தை உடை, உள்ளாடை ஆகியவற்றுக்குப் பீஸுக்கு ஓர் உறை தேவையில்லை. பன்னிரண்டு பீஸைச் சுருட்டி ஒரே பெரிய உறையில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே ஒரு தவறு நடக்கும்: எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக உறையை நிறுத்திவிட்டு, மழைக்காலத்தில் லாரியில் நனைந்தும் குடோனில் தூசி படிந்தும் வெள்ளைச் சட்டைகளை இழப்பது. வெள்ளை, இளநிறம் ஆகியவற்றுக்குத் தனி உறை இருக்கட்டும்.

பட்டுச் சேலைக்கு பாலித்தீன் கெடுதலே செய்யும். உள்ளே ஈரம் தங்கி ஜரிகை கறுக்கும். சலவை செய்த பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

வந்த உறைகளில் அச்சில்லாத, டேப் ஒட்டாதவற்றைத் தனி மூட்டையாகக் கட்டி வைத்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். ஸ்டிக்கர் ஒட்டியதையும் அதில் கலந்தால் மொத்த மூட்டையின் விலையும் விழும். அதனால் ஸ்டிக்கர் உள்ள மூலையைக் கத்தரித்துவிடுவது நல்லது. ஹேங்கரை பில் போடும்போதே வாங்கி வைத்து சைஸ் வாரியாகப் பிரித்து மறுபடி பயன்படுத்துங்கள்.

கடைப் பை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருக்கிறது, தடிமன் எவ்வளவாக இருந்தாலும். துணிபோலவே தோன்றும் நான்-ஓவன் பையும் அந்தத் தடைப் பட்டியலில் உண்டு. பல கடைக்காரர்கள் அதைத் துணிப்பை என்று நம்பி வாங்குகிறார்கள். அது பாலிப்ரொப்பிலீன்: மூலையைத் தீயில் காட்டினால் உருகிச் சொட்டும், நெசவின் குறுக்கு இழைகளும் கண்ணுக்குத் தெரியாது. இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

துணிப்பைக்கு மாறினால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பருத்தி வளர்ப்பதும் நெய்வதும் சுமைதான். 2011இல் பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதல் கணக்கில் பருத்திப்பை மேலாக வேண்டுமென்றால், அதை 131 முறை பயன்படுத்த வேண்டும். நம் ஊரில் ஆறும் ஏரியும் மாட்டின் வயிறும் பிளாஸ்டிக்கால் படும் பாடு அந்தக் கணக்கில் வராது. அதனால் துணிப்பையே சரி. ஆனால் இலவசமாகக் கைக்கு ஒன்று கொடுப்பது சரியல்ல. பில் போடும்போது முதல் கேள்வி 'பை கொண்டு வந்திருக்கீங்களா?' என்று இருக்கட்டும். இல்லையென்றால் அடக்க விலைக்கு விற்று, திருப்பித் தந்தால் பணம் தருவதாகச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் அரசு மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கிய பிறகு இதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை.

பை தைக்க சலவையும் சாயமும் போடாத காடா துணி போதும். 14 அங்குலத்துக்கு 16 அங்குலப் பை, சுமார் 130 ஜிஎஸ்எம் துணியில் 45 முதல் 50 கிராமுக்குள் முடியும். கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்குத் தையல் போடச் சொல்லுங்கள். பை முதலில் கிழிவது அங்கேதான். கிழிந்த பை 131 முறை வராது. காகிதப் பை வேண்டுமென்றால் பளபளப்புப் பூச்சும் நைலான் கயிறும் இல்லாத பழுப்புக் காகிதம் போதும்.

மின்சாரம்

முதலில் ஒரு சோதனை. இரவு கடையை அடைக்கும்போதும் காலையில் திறக்கும்போதும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம். கேமராவும் ஒரு விளக்கும் தவிர எதுவும் ஓடாத இரவில் ஆறேழு யூனிட் போனால் பெயர்ப்பலகை, ஸ்டெபிலைசர், ஷோகேஸ் விளக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

விளக்கில் கணக்கு எளிது. 50 வாட் ஹாலோஜன் ஸ்பாட் 40 இருந்தால் 2,000 வாட். அவற்றை 7 வாட் எல்இடியாக மாற்றினால் 280 வாட். பன்னிரண்டு மணி நேரத்தில் 20 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்ற கணக்கில், நாளுக்கு 14 கிலோ. அந்த 1,720 வாட்டும் இதுவரை கடைக்குள் வெப்பமாகத்தான் இறங்கியது. அதை வெளியேற்ற அரை டன் ஏசி ஓடியது. இரண்டும் சேர்ந்து குறையும். ஆனால் விலை மலிவான எல்இடியில் மெரூன் பழுப்பாகவும் பச்சை சாம்பலாகவும் தெரியும். சேலையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கலாமா என்று வாடிக்கையாளர் கேட்கிறார் என்றால் விளக்கு பொய் சொல்கிறது என்று பொருள். வீட்டுக்குப் போய் நிறம் வேறாக இருந்தால் சரக்கு திரும்பி வரும். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு சிஆர்ஐ. அது 90க்கு மேல் உள்ள விளக்கு மட்டும் வாங்குங்கள்.

ஏசியை 25 அல்லது 26 டிகிரியில் வைத்து மேலே மின்விசிறி ஓடட்டும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. மற்றக் கடைகளைவிட ஜவுளிக்கடையில் பில்டர் சீக்கிரம் அடைக்கும், துணியிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசிதான் காரணம். மாதம் ஒருமுறை போதாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

பலரும் கவனிக்காதது ஏசி வாயு. 'கேஸ் குறைஞ்சிருக்கு' என்று சொல்லி வருடா வருடம் நிரப்பிவிட்டுப் போவார்கள். பெட்ரோல்போல அது செலவாகும் பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. ஆர்-410ஏ என்ற ஏசி வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், அதாவது ஏறத்தாழ 3,000 யூனிட் மின்சாரம். ஆர்-32 என்றால் 675 கிலோ. கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, அழுத்தம் வைத்துப் பார்த்த பிறகே நிரப்ப வேண்டும் என்று மெக்கானிக்கிடம் உறுதியாகச் சொல்லுங்கள். புது ஏசி வாங்கும்போது ஆர்-32 அல்லது ஆர்-290 பாருங்கள்.

கூரை சோலார் இவை எல்லாம் முடிந்த பிறகு. ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும், நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். பகலில் ஏசி இழுக்கும் அளவுக்குள் போடுங்கள். மாடியில் நீங்களே வைத்த பெரிய விளம்பரப் பலகையின் நிழல் பேனலில் விழுகிறதா என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

விற்ற பிறகு

கடையிலேயே ஒரு தையல் மேசை போடுங்கள். ஒரு தையல் இயந்திரம், ஒரு ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் இயந்திரம்), இருபது நிற நூல், பட்டன் டப்பா, ஜிப் சில. பேன்ட் நீளம் குறைப்பது, சுடிதார் கை பொருத்துவது, பக்கம் பிடிப்பது ஆகியவற்றை அன்றே செய்துகொடுத்தால் சைஸ் பொருந்தாமல் திரும்பும் சரக்கு கண்முன்னே குறையும். முதலில் சொன்ன தேக்கமும் குறையும். நீங்கள் விற்ற உடைக்கு ஜிப், பட்டன், தையல் விட்டது ஆகியவற்றை ஒரு வருடம் வரை இலவசமாகச் சரிசெய்துகொடுங்கள். எந்த சப்ளையரின் சட்டை அதிகம் வருகிறது என்று தையல்காரர் எழுதி வைக்கட்டும். அடுத்த கொள்முதலுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

பழைய துணி வாங்கும் திட்டத்தை யோசித்து எடுங்கள். கூப்பன் கொடுத்தால் தேவையில்லாததை இன்னும் வாங்கவைக்கும் விளம்பரமாகிவிடும். பெட்டி வைத்தால் மூன்றாம் நாளே ஈரத்துணியும் உள்ளாடையும் வரும், ஒன்றின் பூஞ்சை மற்றதில் ஏறும். துவைத்து உலர்த்தியது மட்டும், மாதத்தில் ஒரு நாள், கையில் வாங்கிப் பார்த்து எடுங்கள். உடுத்தத் தகுந்ததை கூஞ்ச் போன்ற அமைப்புக்கோ உள்ளூர் இல்லங்களுக்கோ, கேட்டுவிட்டு அனுப்புங்கள். முழுப் பருத்தி கிழிசல் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கப் போகும். பாலியெஸ்டர் கலந்ததைப் பிரித்தெடுத்து நூலாக்குவது கடினம். அதைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பலகையில் எழுதுவது

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போலிப் பசுமை விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 'இயற்கைக்கு உகந்தது', 'பசுமை' என்று பொதுவாக எழுதினால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆகவே செய்ததை மட்டும், எண்ணோடு எழுதுங்கள்: 'இந்தப் பை சாயம் போடாத காடா துணியில் தைத்தது. திருப்பித் தந்தால் பணம் உண்டு.' 'இங்கே வாங்கிய உடைக்கு ஒரு வருடம் ஜிப், பட்டன் இலவசம்.'

பில்லின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே நான்கு வரி அச்சிடலாம்: முதல் சலவையைத் தனியாகச் செய்யுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பிச் சாதாரணத் தண்ணீரில் துவையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். தையல் விட்டால் எங்களிடம் கொண்டுவாருங்கள்.